கம்பெனி கிளட்ச் தாங்குமா?

இருங்காட்டுக்கோட்டையில் டிராக் (drag) பந்தயம் நடக்கும் நாளில் கூட்டம் முழுக்கக் கம்பி வேலிப் பக்கம்தான் நிற்கும். பச்சை விளக்கு எரியும், இரண்டு வண்டிகள் சீறும், மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். என் வேலை, வண்டிகளைச் சீர்செய்யும் பேடாக்கில் இருந்தது. அங்கே பைக்குகளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். கிளட்ச் இருப்பது வலது பக்கம். வண்டியை இப்படிச் சாய்த்துவிட்டால் ஆயிலை வடிக்காமலே கவரைத் திறக்கலாம். அடுத்த ஓட்டத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லாத இடத்தில் பிறந்த வழக்கம் இது.

சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990 வாக்கில் இங்கே சொந்தத் தடத்துக்கு வந்தது. பைக் டிராக் தேசியப் போட்டிகள் பலவற்றுக்கு இந்தத் தடத்தின் நேர்பாதை களமாகியிருக்கிறது. பக்கத்திலேயே ஹூண்டாய் ஆலை. அங்கே மாட்டி அனுப்புகிறார்கள், இங்கே கழற்றிப் பார்க்கிறார்கள்.

புதிதாகப் பந்தயத்துக்கு வரும் பையன்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எனக்கும் அதற்குத்தான் விடை வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போதே ஒருவன் கேட்டான்: "அண்ணே, கம்பெனி கிளட்ச் தாங்குமாண்ணே?"

கவரைத் திறந்துகொண்டிருந்த மெக்கானிக் நிமிரவில்லை. "கிளட்ச் தாங்கும். உன் கைய பாத்துக்கோ" என்றார்.

அந்த மனிதரை அதற்கு முன்பே புதுப்பேட்டைப் பக்கத்துச் சந்தில், அவருடைய பட்டறையில் பார்த்திருந்தேன். ஒரு ஆர்எக்ஸ் 100 பிரித்துக் கிடந்தது. 1985-இல் வந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்றும் சிறிய டூ-ஸ்ட்ரோக் வகுப்புகளில் அதன் சத்தம் ஓயவில்லை. கிளட்ச் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றினால் பிரஷர் பிளேட் கோணிக்கொள்ளுமாம். பிறகு கார்க் பிளேட், ஸ்டீல் பிளேட் என்று மாறி மாறி உருவி, எடுத்த வரிசையிலேயே ஒரு பழைய கண்ணாடித் துண்டின் மேல் பரப்பினார்.

அந்தக் கண்ணாடிதான் அவருடைய ஆய்வுக்கூடம். ஸ்டீல் பிளேட்டை அதன்மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜை நுழைக்கிறார். நுழைந்தால் பிளேட் நெளிந்திருக்கிறது, ஓரம் கட்டிவிட வேண்டியதுதான். நீலம் பாய்ந்திருந்தால் அளக்கவே தேவையில்லை, வெந்துவிட்டது என்று அர்த்தம். கார்க் பிளேட்டில் முதலில் பார்ப்பது பளபளப்பை. கை வைத்தால் வழுக்குகிற மாதிரி மினுங்கினால், தடிமன் மிச்சமிருந்தாலும் பிடிப்பு இருக்காது. லேசான மினுக்கு என்றால் எமரி தாளில் வட்டமாகத் தேய்த்து எடுக்கிறார். கருகிய வாடை வந்தால் தேய்ப்பதெல்லாம் வீண். அடுத்து ஹவுசிங்கின் விரல்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அங்கே பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தில் காது சிக்கினால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது. நுண்அரத்தால் சீவிச் சமப்படுத்தினார். கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் ஹவுசிங்கே வீண். உதவிக்கு இருந்த பையன் கவருக்குப் பேக்கிங் வெட்டிக்கொண்டிருந்தான். கவரின் விளிம்பில் பேக்கிங் தாளை வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் தட்டியே ஓட்டைகள் உட்பட அச்சுப் பிசகாமல் எடுத்துவிட்டான். கத்திரிக்கோலே தொடவில்லை.

கிளட்ச் தாங்கும் என்று அவர் சொன்னதை நான் காகிதத்தில் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்தும் என்பதை நான்கு சங்கதிகள் தீர்மானிக்கின்றன: ஸ்பிரிங்கின் அழுத்தம், உரசும் முகங்களின் எண்ணிக்கை, பிளேட்டின் ஆரம், உராய்வு. என்ஜினின் உச்ச முறுக்குவிசையைவிட 1.2 முதல் 1.5 மடங்கு வரை தாங்கும்படி வடிவமைப்பது பொறியாளர்களின் பொது வழக்கம். ஆர்எக்ஸ் 100-இன் உச்சம் சுமார் 10.4 நியூட்டன் மீட்டர், திறன் 7,500 சுற்றில் 11 எச்பி. போர்ட்டிங் செய்து, சேம்பர் சைலன்சர் மாட்டி அதை 10,500 சுற்றில் 20 எச்பிக்குக் கொண்டுபோய்விட்டதாக வைத்துக்கொள்வோம். திறன் 80 சதவீதம் ஏறிவிட்டது. முறுக்குவிசையோ 13.6-க்குத்தான் வந்திருக்கிறது, 30 சதவீத ஏற்றம். மீதியெல்லாம் சுற்றின் வேகத்தில் வந்த லாபம். கிளட்சுக்குத் தெரிவது முறுக்குவிசை மட்டுமே. ஆக, கம்பெனி போட்டுக் கொடுத்த ஒதுக்கீட்டின் விளிம்பில் அந்த வண்டி இன்னும் நிற்கிறது. எச்பியைச் சொல்லிப் பயமுறுத்தி ஒரு முழு கிட்டை விற்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

அப்படியானால் எரிவது ஏன்? டியூன் செய்த டூ-ஸ்ட்ரோக்கில் கீழ்ச்சுற்றில் உயிரே இருக்காது. ஏழெட்டாயிரம் சுற்றைத் தாண்டித்தான் முழிக்கும். புறப்படும் நொடியில் சக்கரம் நிற்கிறது, என்ஜின் ஒன்பதாயிரத்தில் கத்துகிறது. இரண்டையும் இணைக்க ஒரே வழி அரை கிளட்ச். முதல் கியரில் வண்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்வரை பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். வண்டியும் ஆளும் சேர்ந்து 170 கிலோ என்றால், அதற்குள் வண்டி பெறும் இயக்க ஆற்றல் சுமார் 10 கிலோஜூல். ஏறத்தாழ அதே அளவு கிளட்சில் வெப்பமாக இறங்குகிறது. அரை கிலோகூடத் தேறாத ஸ்டீல் பிளேட்டுகள் அதை முழுதாக வாங்கினால் ஒரே லாஞ்சில் 50 டிகிரி போல ஏறும். ஆயில் அதை எடுத்துக்கொண்டு போக நேரம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. வரிசையில் நிற்கும்போதே ஆக்ஸிலேட்டரை முறுக்கி, அரை கிளட்சில் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறவன்தான் ஓட்டம் தொடங்குமுன்பே பிளேட்டை வேக வைத்துவிடுகிறான். பேடாக்கில் திறந்த கிளட்சுகளில் கருகியவற்றின் சொந்தக்காரர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் அப்படி நகர்த்தியவர்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இன்னொரு சிக்கல். ஆர்எக்ஸில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில், கிளட்ச் தூள் அதோடு நின்றுவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்கில் என்ஜினும் கிளட்சும் ஒரே ஆயிலைக் குடிக்கின்றன. கருகிய தூள் என்ஜினுக்குள் சுற்றும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் மலிவாகக் கிடைத்தது என்று ஊற்றினால், அதிலுள்ள வழுவழுப்புச் சேர்மானம் நல்ல கிளட்சையும் வழுக்க வைக்கும். பிளேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டுவது பழைய வைத்தியம். காசே ஆகாது, அதனால் எல்லோரும் செய்கிறார்கள். அதன் பின்விளைவைப் புறப்பாட்டுக் கோட்டில் நேரிலேயே கண்டேன். ஒரு பையனின் வண்டி லீவரை முழுதாக இழுத்துப் பிடித்தபோதும் மெல்ல முன்னே ஊர்ந்தது. முன் பிரேக்கை அழுத்தினான், என்ஜின் திணறியது, விட்டான், வண்டி நகர்ந்தது, சிவப்பு விளக்கு. ஓட்டம் போச்சு. திரும்பி வந்ததும் மெக்கானிக் கவரைத் திறந்து ஒவ்வொரு ஸ்பிரிங்கிலிருந்தும் ஒரு வாஷரை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பிரஷர் பிளேட் எழும்ப இடமிருக்காது. "டைட்டு வெச்சா மட்டும் போதுமா சார்? விடவும் தெரியணும்ல கிளட்சுக்கு" என்றார் என்னிடம்.

பெரிய வண்டிகளின் கூடாரத்தில் கதை வேறு. 373 சிசி கேடிஎம்மின் பிந்தைய மாடல்களில் கம்பெனியே அசிஸ்ட்-ஸ்லிப்பர் கிளட்ச் தந்தது. என்ஜின் இழுக்கும்போது சரிவுப் பற்கள் பிளேட்டுகளைத் தாமாக இறுக்கிக்கொள்ளும், ஆகவே ஸ்பிரிங் மெலிதாக இருந்தாலும் பிடிப்பு குறையாது. ஹயபுசாக்காரர்கள் லாக்-அப் கிளட்ச் போடுகிறார்கள். சுற்று ஏற ஏற அதன் எடைக் கைகள் விரிந்து பிரஷர் பிளேட்டை அமுக்கும். புறப்படும்போது மென்மை, மேலே போனதும் இறுக்கம். அமெரிக்காவின் டாப் ஃப்யூயல் கார்களிலோ கியர்பாக்ஸே கிடையாது. பல தட்டுக் கிளட்ச் ஓட்டத்தின் பெரும்பகுதியில் திட்டமிட்டு உரசவிடப்படுகிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்துக் கட்டுகிறார்கள். அங்கே கிளட்ச் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள். நம் பையன்கள் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு ஓட்டிப்போக வேண்டிய வண்டியில் அதை முயல்கிறார்கள்.

டயரையும் சொல்ல வேண்டும். வழுக்கும் டயர் கிளட்சைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் மிஞ்சிய விசை டயர் சுழல்வதில் போய்விடும். ஒட்டும் டயர் மாட்டி, பின்கையை (ஸ்விங்ஆர்ம்) நீட்டி, முன்சக்கரம் தூக்காமல் செய்துவிட்டால் சுமை முழுதும் கிளட்சின் தலையில். அதையும் கெட்டி ஸ்பிரிங்கால் அடக்கினால் அடுத்து உடைவது பிரைமரி கியரோ, கியர் பல்லோ, கிராங்க்கோ. வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் இருப்பதுபோல அந்த வண்டியில் உரசி விட்டுக்கொடுக்கிற இடம் கிளட்ச். பிளேட் செட் மாற்றுவது ஒரு மதிய வேலை, கியர் பெட்டி பிரிப்பது அப்படியில்லை.

அன்று அந்த மெக்கானிக் டியூன் செய்த வண்டி ஒன்று தன் வகுப்பில் மேடையேறியது. ஓட்டியவன் பெயரும் அணியின் பெயரும் ஒலிபெருக்கியில் வந்தன. அவர் அடுத்த வண்டியின் கவரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பந்தயச் செய்திகளில் கிளட்ச் கட்டியவர் பெயர் வந்து நான் படித்ததில்லை. வர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கண்டும் கேட்டும் வந்த என் தீர்ப்பு இது. கம்பெனி என்ஜின், கம்பெனி டயர் என்றால் கம்பெனி கிளட்ச் தாராளமாகத் தாங்கும். டியூன் செய்த வண்டிக்கு முதலில் புது ஸ்பிரிங், புதிய கம்பெனி பிளேட் செட், சரியான ஆயில். பிளேட்டுகளை மாட்டுவதற்கு முந்தின இரவே ஆயிலில் ஊறப்போடுங்கள். அதற்கும் வழுக்கினால் மட்டும் வெளி கிட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் ஆறவிடுங்கள், வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஈசிஆர் சாலை வேண்டாம், தம்பிகளே. லைசென்ஸ் எடுத்து, கட்டணம் கட்டி, இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள். கருகினால் அங்கே பிளேட் மட்டும்தான் கருகும்.