தாகத்தின் பெயர்

காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்ற பாகுபாட்டை மாணவர்கள் ஒரே வகுப்பில் கடந்துவிடுகிறார்கள். காரணம் மறந்துபோன காரணப்பெயர் ஒன்று உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்று எந்த இலக்கண உரையிலும் நான் படித்ததில்லை. அதை என் தங்கையின் நோய் கற்றுக்கொடுத்தது.

பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்த கட்டியை அகற்றிய பின் அவளுக்கு அடங்காத தாகம் வந்தது. நாளொன்றுக்குப் பத்து லிட்டர் நீர் குடிப்பாள். குடித்ததெல்லாம் நிறமற்ற சிறுநீராக வெளியேறும். நோயின் பெயர் டயாபடீஸ் இன்ஸிபிடஸ். முதற்சொல் கிரேக்கம், ஊடே கடந்து செல்வது என்று பொருள். அடுத்தது லத்தீன், சுவையற்றது என்று பொருள். சிறுநீரைச் சுவைத்து நோயறிந்த காலத்தில், இனிப்பதிலிருந்து இனிக்காததைப் பிரிக்க வைத்த பெயர். சர்க்கரைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. நம் 'நீரிழிவு' என்ற சொல்லையும் பாருங்கள். இழிதல் என்றால் இறங்குதல். நீர் இறங்கி ஓடும் இந்நோய்க்கே அது முழுதும் பொருந்தும். வழக்கோ அதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துவிட்டது.

உண்மையில் குறைவது வாசோபிரெஸின் என்னும் ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் தங்கி, சிறுநீரகத்திடம் நீரைக் காத்துவைக்கச் சொல்வது அது. உடலுக்கு நெருக்கடி நேரும்போது கார்ட்டிசால் சுரக்கத் தூண்டுவதிலும் அதற்குப் பங்குண்டு. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை. மனிதரில் எட்டாம் இடத்தில் நிற்பது ஆர்ஜினின். பன்றியில் அங்கே லைசின் இருக்கும். வாசோபிரெஸின், ஆக்சிடோசின் ஆகியவற்றின் அமைப்பைக் கண்டு ஆய்வகத்தில் ஆக்கிக்காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

பின்னொரு முறை வேறு காரணத்துக்காகத் தங்கை ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். ஏட்டில் 'டயாபடீஸ்' என்று கண்ட பணியாளர் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அளவு சரியாக இருந்தது. ஆகவே மருந்து வேண்டாம் என்று முடிவாயிற்று. அவளுக்கு வேண்டியிருந்ததோ மூக்கில் அடிக்கும் டெஸ்மோபிரெஸின். மாலைக்குள் நாக்கு வறண்டு பேச்சு குழறத் தொடங்கியது. பணி மாறி வந்த மருத்துவர் ஒருவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார், பிழைத்தாள்.

இது ஓர் ஊரின் கதையன்று. இம்மருந்து தவறினால் மரணமும் நேரலாம் என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரத் துறை 2016இல் எச்சரிக்கை விடுத்தது. 2022இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் 80 விழுக்காட்டினர் தம் நோயைச் சர்க்கரை நோயென்று மருத்துவத் துறையினரே குழப்பிக்கொண்டதாகக் கூறினர். அதே ஆண்டு பெயர் மாறியது: ஆர்ஜினின் வாசோபிரெஸின் குறைபாடு. நாவில் உருளாத பெயர்தான். ஆனால் எது குறைகிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

அந்த ஆர்ஜினின் இந்நோயைக் கண்டறியவும் வந்தது. முன்பெல்லாம் தாகத்தால் தவிப்பவரை மணிக்கணக்கில் நீரின்றி வைத்தே சோதிப்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 2019இல் வேறு வழி காட்டினார்கள். ஆர்ஜினினை அரைமணி நேரம் நரம்பில் ஏற்றினால் நல்ல பிட்யூட்டரி வாசோபிரெஸினைச் சுரக்கும். பழுதுபட்டது பெரும்பாலும் மௌனம் காக்கும். வாசோபிரெஸின் இரத்தத்தில் விரைவில் சிதைவதால், அதனுடனேயே பிறக்கும் கோபெப்டின் என்னும் துண்டை அளக்கிறார்கள்.

2023இல் இதை அடர் உப்புநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். உப்புநீர் 95.6 விழுக்காடு சரியாகச் சொன்னது, ஆர்ஜினின் 74.4 தான். ஆயினும் பெரும்பாலான நோயாளிகள் விரும்பியது ஆர்ஜினினையே. உப்பு தாகத்தைக் கிளறும். மருத்துவர் துல்லியத்தைத் தேர்வதில் பிழையில்லை. ஆனால் இரவு முழுவதும் செம்பும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்த்தவனுக்கு நோயாளிகளின் அந்த விருப்பம் எளிதில் விளங்கும்.