மீனாவை வரைந்தவர்

வெண்திரையில் மான் துள்ளி ஓடினால் கைகொட்டி மகிழ்கிறோம். அந்த மானுக்காக மேசையில் குனிந்தபடியே ஆண்டுக்கணக்காக வரைந்தவரை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? நம் நாட்டில் அவ்வாறு வரைந்த முன்னோடி ராம் மோகன்.

1931இல் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்றார். 1956இல் அப்படிப்பை விட்டுவிட்டு, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். (வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது!) வால்ட் டிஸ்னியிடம் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி அளித்தார். 1972இல் சொந்த நிறுவனம் கண்டார். சத்யஜித் ராயின் 1977ஆம் ஆண்டுப் படமான 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் வரும் கார்ட்டூன் காட்சி இவர் கைவண்ணமே.

இக்கலைக்குப் பொறுமையே முதல். நொடிக்கு 24 பிரேம்கள். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு வைத்தாலும், பத்து நிமிடப் படத்துக்கு 7,200 ஓவியங்கள் வேண்டும். நாங்களும் கணக்கு நோட்டின் ஓரத்தில் முயன்றோம். 30 தாள்களைச் சரசரவென்று புரட்டியதில் எங்கள் கோழி மூன்று முறைதான் கொத்தியது!

ஜப்பானியர் யூகோ சாகோவுடன் அவர் உருவாக்கிய இராமாயணப் படத்தையே பெரியவர்கள் புகழ்கிறார்கள். எங்களுக்கோ மீனாதான் நெருக்கமானவள். 1990களில் யுனிசெப் நிறுவனத்துக்காக அவர் படைத்த சிறுமி இவள். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் என நான்கு நாட்டவரும் தம் பிள்ளை எனக் கருதும்படி எளிய கோடுகளில் அமைந்தவள். தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான். மீனாவோ வீட்டு வேலை செய்கிறாள். அவள் அனுப்பிய கிளி மிட்டு, பள்ளியில் கேட்டு வந்து எண்களைச் சொல்லித் தருகிறது. மீனா கோழிகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, திருடன் பிடிபடுகிறான். பிறகே அவளுக்குப் பள்ளிக் கதவு திறக்கிறது.

சிஸ்டர் இப்படத்தை வகுப்பில் போட்டுக் காட்டியபோது அனைவரும் சிரித்தோம். கொல்லிமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி மட்டும், "கோழி களவு போகாமலே இருந்திருந்தால்?" என்று கேட்டாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் நாட்களில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறாளாம்.

ராம் மோகன் 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019இல் மறைந்தார். வரும் பெற்றோர் தினத்தில் மீனா படத்தைத் திரையிட மதர் இசைந்துள்ளார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, தோழியின் அப்பாவும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.