பில் இருக்கா?

பொருள் வாங்கும்போது கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. அதே பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால் முதலில் வந்து விழும் கேள்வியும் இதுதான்!

மதுரை செல்லூரில் ஒரு தையல்கார அம்மா இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வீட்டு முன்னறையில் ஒரு மிஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பழைய மிக்சி போய்ச் சேர்ந்து ஆறு மாதம் அம்மியோடு மல்லுக்கட்டினார். பிறகு ஏலச் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், ஆடித் தள்ளுபடியில் டவுனுக்குப் போய்ப் புது மிக்சி ஒன்று வாங்கினார். விலை 3,650 ரூபாய். ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார்.

மூன்றாம் நாளே மிக்சி ஒரு மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் தீய்ந்த வாடை. சட்னி அரைக்கும்போதே நின்று போகும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். பதினோராம் நாள் அதுவும் இல்லை. அமுக்கி அமுக்கி விரல் வலித்ததுதான் மிச்சம்.

பில்லைத் தேடினார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாங்கி வந்த அன்று சாயங்காலம் அவசரமாக ஒரு பெண் அளவு கொடுக்க வந்தாள். கையில் கிடைத்த காகிதத்தின் பின்பக்கம் அளவைக் குறித்துக்கொண்டார். ஜாக்கெட் தைத்து முடிந்ததும் வெட்டுத் துணியோடு அந்தக் காகிதமும் குப்பைக்குப் போய்விட்டது. அதுதான் பில்!

இருந்தாலும் மிக்சியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி பஸ் ஏறினார். காசு வாங்காத மகளிர் பஸ்ஸில்கூட கண்டக்டர் கையில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். சீட்டு இல்லாமல் இந்த உலகத்தில் எதுவும் நடக்காது போல..

கடையில் மேனேஜர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பில் இருக்காம்மா?"

"தொலைஞ்சு போச்சுண்ணே. பத்துப் பதினோரு நாள்தான் ஆச்சு. ஆடி பதினெட்டு அன்னைக்கு இங்கதான் எடுத்தேன்."

"பில் இல்லாம எப்படிம்மா? வேற கடையில வாங்கினதா இருந்தா நாங்க என்ன செய்யறது? அதுவும் தள்ளுபடியில எடுத்தது. அங்க போர்டைப் பாருங்க."

சுவரில் போர்டு தொங்கியது. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த நாலு பேரும் தன்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்திருப்பார்கள் என்பதுதான் அந்த அம்மாவைக் குத்தியது. 3,650 ரூபாயைவிட அது பெரிதாக இருந்தது. ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

இந்த இடத்தில் கடைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வேறு இடத்தில் வாங்கியதை இங்கே கொண்டு வந்து தள்ளப் பார்ப்பவர்களும் உண்டு. பழுதான பொருளைக் கடை கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமென்றால் எப்போது, எந்தப் பில்லில் விற்றது என்று காட்ட வேண்டியிருக்கும். ஆகவே அவர் ஆதாரம் கேட்டதில் தப்பில்லை. வாடிக்கையாளர் கையில் இருக்கும் துண்டுக் காகிதம் ஒன்றுதான் ஆதாரம் என்று நினைத்ததில்தான் தப்பு.

பி.காம் படிப்பவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடம் இரட்டைப் பதிவு முறை. எந்தப் பரிவர்த்தனைக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் பெற்றிருக்க வேண்டும். அந்த அம்மா கொடுத்த 3,650 ரூபாய் கடையின் கணக்கில் வரவாக உட்கார்ந்திருக்கும். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. கணக்குப்படி சுமார் 557 ரூபாய் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரி. அந்தக் கணக்கையும் பில் நகல்களையும் கடை தூக்கிப் போட்டுவிட முடியாது. அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அதாவது, பில் தொலைந்தது வாங்கியவர் கையில் மட்டும்தான். விற்றவர் கையில் அது பத்திரமாக இருக்கிறது!

சட்டமும் காகிதத்தையே கட்டிக்கொண்டு அழவில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி வாய்ச்சொல்லாலேயே ஒரு விற்பனை ஒப்பந்தம் ஏற்படலாம். பில் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சி ஊரில் இல்லை என்பதற்காகக் கல்யாணம் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் கொடுக்காமல் விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கெடு. சுவரில் தொங்கும் போர்டு சட்டத்தை விடப் பெரியதில்லை.

இதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவருக்குத் தோன்றியது வேறு. முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறார். கை இறுக்குது, கழுத்து இறங்குது என்று திருப்பிக்கொண்டு வருபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒருவரிடமும் அவர் பில் கேட்டதில்லை. துணியைப் புரட்டி உள்தையலைப் பார்ப்பார். தன் கைத் தையல் தனக்குத் தெரியாதா? தெரிந்தால் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். அந்தக் கடைக்கு மட்டும் தான் விற்ற சாமான் எது என்று தெரியாதா?

இப்படி யோசித்துக்கொண்டே அளவு நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் ஜாக்கெட் அளவு, மறுபக்கம் வீட்டு வரவு செலவு எழுதும் நோட்டு அது. அதில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: ஆகஸ்ட் 3, மிக்சி, 3650.

மறுநாள் பெட்டியோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை மேனேஜரிடம் போகவில்லை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கணக்கு எழுதும் பெண்ணிடம் போய் நோட்டை நீட்டினார்.

"தாயி, ஆகஸ்ட் மூணாம் தேதி, 3,650 ரூவாய்க்கு ஒரு மிக்சி வித்துருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லும்மா. இல்லைன்னா நான் போயிடறேன்."

அந்தப் பெண் தேதியைப் போட்டுப் பார்த்தாள். அன்று அந்த விலையில் மூன்று மிக்சி விற்றிருந்தது. பில்லில் சீரியல் நம்பர் ஏற்றியிருந்தார்கள். பெட்டியைத் திருப்பி நம்பரைப் படித்தாள். இரண்டாவது பில்லோடு அது அப்படியே பொருந்தியது. இரண்டு நிமிட வேலை!

மேனேஜர் வந்து பார்த்தார். வேறொரு மிக்சியை எடுத்து, மேசையில் வைத்து ஓட்டிக் காட்டி, பெட்டியில் போட்டுக் கொடுத்தார். "நேத்தே தேதியைச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஆடி பதினெட்டு என்று அவர் சொல்லத்தான் சொன்னார். கேட்க அன்று ஆளில்லை. ஆனால் அந்த அம்மா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. "புது பில் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பில்லைப் பத்திரப்படுத்துவது நல்ல பழக்கம்தான், சந்தேகமே இல்லை. இப்போது வரும் பில்கள் சூட்டில் எழுத்து விழும் காகிதத்தில் அச்சாகின்றன. வெயில் பட்டால், எண்ணெய் பட்டால் எழுத்து மங்கிப் போகும். வாங்கிய அன்றே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். அப்படியும் தொலைந்துவிட்டால் வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். தேதி, தொகை, சீரியல் நம்பர், கடையில் கொடுத்த செல் நம்பர், வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ பணம் போன விவரம், வாரண்டி கார்டில் உள்ள கடை முத்திரை.. இதில் ஏதாவது ஒன்று இருக்கும். அதைச் சொல்லி, "உங்கள் கணக்கைப் பாருங்கள்" என்று கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

செல்லூர் அம்மா அந்தப் புது பில்லை அளவு நோட்டின் அட்டைக்குள் சொருகி வைத்திருக்கிறார். அதன் பின்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.