பூசை நோட்டில் நான் எழுதாத பெயர்

இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபை இதுவரை ஒருவரைப் பற்றியும் அறிவித்ததில்லை. புனிதர் பட்டம் கொடுத்து, இவர் விண்ணகத்தில் இருக்கிறார் என்று எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரில்கூட அது தீர்ப்பு எழுதி வைக்கவில்லை. போப்பாண்டவர் மூன்றாம் நிக்கோலாசை நரகத்தில் தலைகீழாக நிறுத்தியது தாந்தே என்ற கவிஞர், திருச்சபை அல்ல. இரண்டாயிரம் வருஷமாகப் போப்பாண்டவர்களும் சங்கங்களும் செய்யாத ஒன்றை, ஒரு கிளைக்கிராமத்தின் உபதேசியாராக இருந்த நான் செய்தேன். ஒரு தாயைப் பார்த்து, உன் மகன் நரகத்தில் இருக்கிறான் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் கிளைக்கிராமங்களுக்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயில் சாவி உபதேசியாரிடம் இருக்கும். சாவு விழுந்தால் துக்க மணி அடிப்பது, வீட்டில் செபம் சொல்வது, பங்குக்குத் தகவல் அனுப்புவது, குழி எங்கே என்று காட்டுவது, பிறகு முப்பதாம் நாளுக்கும் வருஷ நினைவுக்கும் பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்பதை, எழுதிக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. என் அப்பாவும் இதே வேலை பார்த்தவர். செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஊர் கேட்டால், சாமியாருக்கு முன்னால் பதில் சொல்வது உபதேசியார்தான்.

அந்தப் பதில்களைத் திருத்தமாகச் சொல்கிறவன் என்று எனக்குப் பெயர் இருந்தது. பச்சைக் குழந்தை இறந்துவிட்டால் "சம்மனசாயிட்டு" என்பார்கள். அழுகை அடங்கிய பிறகு ஒருநாள் உட்கார்ந்து, சம்மனசு, அதாவது வானதூதர், உடலில்லாத வேறொரு படைப்பு, மனிதன் இறந்தாலும் மனிதன்தான், கடைசி நாளில் உடலோடு எழுப்பப்படுவான், உங்கள் பிள்ளை உங்கள் பிள்ளையாகவே இருக்கிறது என்று விளக்குவேன். உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சின்ன நரகம் என்று நினைத்துக் கிழவிகள் நடுங்குவார்கள். அங்கிருந்து தவறிக் கீழே விழுந்துவிடலாம் என்றுகூடப் பயப்படுவார்கள். அங்கே இருக்கிற அத்தனை பேரும் மீட்படைந்தவர்கள், அவர்களுக்கு விண்ணகம் உறுதி, சுத்தமாவது மட்டுமே மிச்சம் என்பேன். 1439இல் புளோரன்ஸ் சங்கமும் 1563இல் திரெந்து சங்கமும் சொன்னதெல்லாம் அப்படி ஒரு சுத்திகரிப்பு உண்டு, நம் செபம் அவர்களுக்கு உதவும் என்பதுதான். நெருப்பின் சூட்டையும் வருஷக்கணக்கையும் அளந்து சொன்னது பிரசங்கம் செய்தவர்கள். சாமியார் அவஸ்தை பூச வந்தால் ஆள் பிழைக்காது என்று பயந்து கடைசி மூச்சு வரைக்கும் சொல்லி அனுப்பாத வீடுகளில், அது நோயாளிக்குப் பலம் தரும் அருட்சாதனம் என்று சண்டை போட்டிருக்கிறேன். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் லிம்போ என்ற தனி நிலையில் இருப்பார்கள் என்பது இறையியலாரின் ஒரு கருத்து. விசுவாசக் கோட்பாடாக அது ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை. அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு எழுதியபோது, அதைக் கல்லறைத் தோட்டத்தில் நின்று சொன்னேன். சில தாய்மார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

இதையெல்லாம் சொல்லத் தெரிந்த வாய், தற்கொலை என்று வந்தபோது மட்டும் பழைய பயத்தையே சொன்னது.

அந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆறாம் நூற்றாண்டிலேயே பிராகா நகரில் கூடிய சங்கம், தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கு கூடாது என்றது. 1917ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டமும் 1240ஆம் எண்ணில் மறுத்தது. ஆனால் அங்கேகூட, யோசித்துத் தீர்மானித்துச் செய்தவர்களுக்கு என்றுதான் இருந்தது. சந்தேகம் வந்தால் ஆயரைக் கேள் என்றும் இருந்தது. எங்கள் ஊர்களில் யார் ஆயரைக் கேட்டார்கள்? 1983இல் வந்த புதுச் சட்டத்தில், யாருக்கு அடக்கச் சடங்கு மறுக்கலாம் என்று சொல்கிற 1184ஆம் எண்ணைப் பாருங்கள். தற்கொலை செய்துகொண்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2280இல் இருந்து 2283 வரை இதைப் பற்றிப் பேசுகிறது. உயிர் கடவுள் தந்தது, அதை முடிக்க நமக்கு உரிமையில்லை, அது பெரிய தீங்கு என்பதில் தளர்வு எதுவும் இல்லை. ஆனால் கடுமையான மனநோயும், தாங்க முடியாத வேதனையும், பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அப்படி இறந்தவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, மனந்திரும்ப அவர்களுக்கு வழிசெய்யக் கடவுளால் முடியும், அந்த வழி அவருக்கு மட்டுமே தெரியும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது. அதே நூல் 1857ஆம் எண்ணில், சாவான பாவம் ஆவதற்கு மூன்று வேண்டும் என்கிறது: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவு வேண்டும், முழுச் சம்மதம் வேண்டும். இருட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கிற ஒருவனுக்கு முழுச் சம்மதம் இருந்ததா என்று வெளியில் நிற்கிறவன் எப்படிச் சொல்ல முடியும்?

இவ்வளவையும் உபதேசியார் பயிற்சியில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். புத்தகம் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

அந்தத் தாயின் மகன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். கடன் இருந்தது, குடி இருந்தது, பல மாதமாக யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பின்னால் சொன்னார்கள். நான் போவதற்குள் ஊர்க் கமிட்டிக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மணி அடிக்கக் கூடாது, கோயிலுக்குள் எடுத்துப் போகக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில் வேலியோரத்து மூலையில் வைக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. என் அப்பா காலத்திலும் அப்படித்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சட்டம் மாறியிருக்கிறது, சாமியாரைக் கேட்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் போன் பண்ணவில்லை. "சபைச் சட்டம் இடங்கொடுக்காது" என்றேன். கோயில் வாசலில் கொஞ்ச நேரமாவது இறக்கி வைக்கச் சொல்லி அவன் தங்கை என் காலைப் பிடித்தாள். இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது. செபம் இல்லை, தீர்த்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வீட்டார் அவசரப்படுத்திவிட்டார்கள் என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்வாரம் கோயில் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்து பூசைக் கருத்து எழுதுவேன். எல்லாரும் போகும்வரை அந்தத் தாய் தூண் ஓரமாக நின்றாள். பிறகு வந்து, "அண்ணாச்சி, அவன் பேரையும் எழுதிக்கிடுங்க" என்று மடித்த ரூபாயை நீட்டினாள். நான் வாங்கவில்லை. "அங்க போனவங்களுக்குப் பூசை சேராது தங்கச்சி. துட்ட வீணாக்காத" என்றேன். "எங்க போனவங்களுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள். நரகம் என்ற வார்த்தையை நான் வாய் திறந்து சொன்னேன்.

நரகத்தில் இருப்பவர்களுக்குச் செபம் உதவாது என்பது திருச்சபையின் போதனைதான். அவன் அங்கே இருக்கிறான் என்பது என் சொந்தச் சரக்கு. போதனையின் ஒரு துண்டை எடுத்து என் தீர்ப்புக்கு முட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம், கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று, கல்லறைத் தோட்டத்தில் மக்கபேயர் இரண்டாம் நூலை நானே வாசித்தேன். போரில் இறந்த வீரர்களின் உடைக்குள் சிலை வழிபாட்டுத் தாயத்துகள் இருப்பதை யூதா மக்கபே கண்டுபிடிக்கிறார். பாவத்தோடு செத்தவர்கள் என்று அவர்களைக் கைவிடாமல், ஏறக்குறைய 2,000 வெள்ளி நாணயம் திரட்டி அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். உரத்த குரலில் வாசித்தேன். மூலையில் இருந்த மண்மேட்டுப் பக்கம் நான் திரும்பவில்லை.

ஏன் செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். ஊர்க் கமிட்டிக்குப் பயந்தது ஒன்று. பயம் காட்டினால் இன்னொரு பிள்ளை அந்த வழிக்குப் போகாது என்று நினைத்தது இன்னொன்று. அதை நான் மனமார நம்பவும் செய்தேன். நடந்தது வேறு. மனசுக்குள் புழுங்கிய ஒரு இளைஞன்கூட என்னிடம் வந்து வாய் திறந்ததில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் இவை இரண்டையும்விட ஆழத்தில் ஒன்று கிடந்தது. நரகத்தின் பெயரைச் சொல்லும்போது ஊர் என் முன்னால் அமைதியாக நிற்கும். சம்மனசையும் லிம்போவையும் பற்றிப் பேசும்போது அன்பாகக் கேட்டார்கள். இதைப் பேசும்போது அஞ்சிக் கேட்டார்கள். அந்த அச்சம் எனக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பல வருஷம் கழித்து என் அக்கா மகள் அதே விதமாக இறந்தாள். நகரத்தில் வேலை பார்த்தவள், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவள். தகவல் வந்த ராத்திரி, அவர்கள் பங்குச்சாமியாருக்கு நானே போன் போட்டேன். அவர் தயங்குவாரோ என்று பயந்து, சாமி, மறைக்கல்வி 2283ஐப் பாருங்கள் என்றேன். அவர் தயங்கவே இல்லை. முழு அடக்கப் பூசை வைத்தார். ஆர்ஸ் ஊர் புனித வியான்னி, கணவனை இப்படி இழந்து தவித்த பெண்ணிடம், கடைசி நொடியில் அவனுக்கு மனம் வருந்த நேரம் இருந்தது என்று சொன்னதாக வழங்கும் கதையைச் சொல்லி எங்களைத் தேற்றினார். எனக்கு அந்தக் கதை முன்பே தெரியும். அந்த எண்ணும் முன்பே தெரியும். என் அக்கா மகளுக்கு ஒரே ராத்திரியில் நான் தேடிக் கொடுத்ததை, அந்தத் தாய்க்கு அத்தனை வருஷமும் மறைத்து வைத்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் மாறியது, நான் சாமியாரைக் கேட்காதது, பொய், புத்தகம் எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே கூடச் சொல்லல அண்ணாச்சி. சொன்னா கடவுளுக்குக் கோவம் வரும்னு நெனச்சேன்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் எனக்குப் பாவ மன்னிப்பு கிடைத்தது. அவள் செபிக்காமல் விட்ட வருஷங்களை யாராலும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

இதை எழுதுவது அவளைப் போல வேறு ஊர்களில் இருக்கிறவர்களுக்காக. உங்கள் பிள்ளையோ கணவரோ இப்படி இறந்து, அவருக்குப் பூசை சேராது என்று என்னைப் போன்ற ஒருவர் சொல்லியிருந்தால், அது திருச்சபையின் வார்த்தை அல்ல. எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அவர் பெயரைச் சொல்லிப் பூசைக் கருத்து கொடுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஊர் உபதேசியாருக்கும் தெரியாது. திருச்சபை செபிக்கச் சொல்கிறது, நம்பச் சொல்கிறது. நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது அவ்வளவுதான்.

வருகிற கல்லறைத் திருநாளில் வேலியோர மூலைக்கும் தீர்த்தம் தெளிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டேன். உடனே சரி என்றார். ஊர்க் கமிட்டியில் சிலர் இன்னும் ஒப்பவில்லை. அப்படிச் செய்தால் நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும் என்கிறார்கள். அதை அவர்கள் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். பூசைக்கு முன்னால் அவர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.