பைக்குக் காவல் வைத்த பிள்ளை

ஊர் திரும்பிப் பத்து நாளாகிறது. "அமெரிக்காவில் என்ன பார்த்தீங்க டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மகள் இருப்பது வட கரோலினாவில் டர்ஹாம் நகரம். அங்கே 'டர்ஹாம் புல்ஸ்' என்று ஒரு பேஸ்பால் அணி. முதல்நிலை லீகுக்கு ஒரு படி கீழே ஆடுகிற அணி. நன்றாக ஆடுகிறவரை மேலே இருக்கும் டம்பா பே ரேஸ் அணி கூப்பிட்டுக்கொள்ளும். அதனால் ஆட்டக்காரர் பெயரைச் சொல்லிக் கூட்டம் சேர்க்க முடியாது. வந்தவர்கள் வசதியாக உட்கார்ந்து, சாப்பிட்டு, சிரித்துவிட்டுப் போனால்தான் மறுபடி வருவார்கள். 1995இல் திறந்த அரங்கத்தை 2014இல் சுமார் 2 கோடி டாலர் செலவழித்துப் புதுப்பித்தது அதற்காகத்தான் என்றார் மருமகன்.

இடப்பக்கம் 32 அடி உயர நீலச் சுவர். அங்கே ஒரு பெரிய காளை உருவம். உள்ளூர் அணி ஹோம் ரன் அடித்தால் மூக்கில் புகை விடும். பந்து காளைமேல் பட்டால் அடித்தவருக்கு மாட்டிறைச்சி ஸ்டேக், கீழே புல்லில் பட்டால் சாலட். "அம்மாச்சி, நமக்கு சாலட்தான்" என்று பேரன் சிரித்தான்.

ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. என் கண் போனது வேறு இடத்துக்கு. மேல் நடைபாதையை ஒட்டி, படி ஏறாமல் போகிற இடத்தில், சக்கர நாற்காலிகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். கூட வந்தவருக்குப் பக்கத்திலேயே இருக்கை. 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இப்படி இடம் விட்டே ஆக வேண்டுமாம். பத்து வயதுப் பெண் ஒருத்தி சக்கர நாற்காலியில் இருந்தபடி எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

1988. ஐந்தாம் வகுப்பு. போலியோவால் கால் சூம்பிய ஒரு பிள்ளை. விளையாட்டு விழா அன்று, "நீ வகுப்பிலேயே இருந்து எல்லார் பையையும் பார்த்துக்கடா" என்றேன். பொறுப்புக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். சிறப்பு விருந்தினருக்குப் பந்தல் போட்ட எனக்கு, அவனுக்கு ஒரு நாற்காலி போடத் தோன்றவில்லை. விழா முடிந்து வந்தபோது ஒரு பைகூட இடம் மாறவில்லை. "யாரு டீச்சர் ஜெயிச்சா?" என்று கேட்டான். அந்த ஜன்னலிலிருந்து மைதானம் தெரியாது என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். டீச்சர் செய்தது தப்பு. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளி மைதானத்தில் பார்வையாளர் மேடை கட்டப் பணம் திரட்டுகிறீர்கள். நல்ல காரியம். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் ஆறு படி இருக்கிறது, சாய்தளம் இல்லை. முதலில் அதைப் போடுங்கள். அந்தச் செலவு என் பென்ஷனிலிருந்து.

கைப்பிடியும் வையுங்கள். எனக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்