நிலா முயலுக்கு, ஹுன்னஸ்கிரியவிலிருந்து

அன்புள்ள நிலா முயலே,

உனக்கு எழுத விலாசம் தேவையில்லை. போயா என்னும் முழுநிலா இரவில் தலையை நிமிர்த்தினால் போதும். ஆனால் எங்கள் ஊரில் அதற்கும் கொடுப்பினை வேண்டும். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வீதியில், பதினெட்டு வளைவு இறக்கத்துக்கு முன்னால், நக்கிள்ஸ் மலையை ஒட்டிக் கிடக்கிறது ஹுன்னஸ்கிரிய. பின்னேரம் நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கித் தோட்டத்து லயத்துத் தகரத்தில் உட்கார்ந்துகொள்ளும். மாதத்தில் ஒரு நாள்தான் நீ முழுசாக வருவாய். அந்த ஒரு நாளும் பாதி வருசம் மூடிக் கிடக்கும். அதனால் சின்ன வயதில் உன்னை நன்றாகப் பார்த்த இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

முயலே, உன்னை எனக்கு முதலில் காட்டியவர் அப்பாயி இல்லை. அப்பாயியின் நிலாவில் பாட்டிதான் இருந்தாள், வடை சுட்டுக்கொண்டு. எனக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. கீழ்க் கிராமத்திலிருந்து பலாக்காயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து விற்கும் சிங்கள அம்மா ஒருவர் இருந்தார். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்தவர், மழை விட்டபோது இருட்டிவிட்டதைப் பார்த்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்று, "ஹந்த ஹாவா", நிலா முயல், என்று விரலை நீட்டினார். அன்றுதான் நீ எனக்குத் தெரிந்தாய். அப்பாயி விட்டுக்கொடுக்கவில்லை. அது பாட்டி, பக்கத்தில் இருப்பது அடுப்பு என்றார். அந்த அம்மா பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக உன் காதையும் முதுகையும் காட்டினார். கடைசியில் அப்பாயிதான் வழக்கைத் தீர்த்து வைத்தார்: "அப்ப அது பாட்டி வளக்குற மொசலா இருக்கும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குக் கருப்பட்டியில் ஐந்து சதம் குறைந்ததாகவும் ஞாபகம்.

முயலே, உன் கதையைச் சொன்னவரும் அந்த அம்மாதான். பசித்து வந்த பிராமணனுக்குக் கொடுக்க உன்னிடம் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை; அதனால் நெருப்பை மூட்டச் சொல்லி நீயே குதித்தாய். அது சச ஜாதகம் என்பதும், ஜாதகக் கதைகளில் 316ஆவது என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் ஒரு விவரத்தைப் படித்தபோது, அந்த அம்மா அதையும் விடாமல் சொன்னது நினைவுக்கு வந்தது. குதிக்கும் முன் நீ மூன்று தரம் உடம்பை உதறினாயாம், ரோமத்துக்குள் இருக்கும் பூச்சிகள் உன்னோடு சேர்ந்து எரிந்துவிடக் கூடாது என்று. தியாகம் என்றால் என்னவென்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எங்கே விளங்கப் போகிறது? உதறுவது விளங்கியது. மறுநாள் பீலிக்குக் குளிக்கப் போனபோது, சட்டையைத் தண்ணீரில் முக்கும் முன் மூன்று தரம் உதறினேன். இன்றைக்கும் துணி ஊற வைக்கும்போது கை தானாக உதறுகிறது.

பிராமணனாக வந்தது இந்திரன். நெருப்பு உன்னைச் சுடவில்லை. அவன் ஒரு மலையைப் பிழிந்து, அதன் சாற்றைத் தொட்டு நிலவில் உன் உருவத்தை வரைந்தான். "எந்த மல?" என்று கேட்டேன். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மலையைக் காட்டினார். பொத்திய கையின் மூட்டுகள் போலத் தெரிவதால் வெள்ளைக்காரன் அதற்கு நக்கிள்ஸ் என்று பேர் வைத்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பிழிந்த கை அங்கேயே நின்றுவிட்டது என்பது எனக்கு முன்பே தெரியும்.

முயலே, இனி நான் சொல்லப் போவதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீ காட்டினாய், நான் பார்த்தேன். போயா அன்று பொழுது சாயும்போது மடுகொடப் பக்கத்தில் எழும்புவாய். அப்போது காது மேலே இருக்கும். விடியற்காலை அம்மா பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக எழும்பும்போது நானும் எழும்பி வெளியே வருவேன். நீ தெல்தெனியப் பக்கம் இறங்கிக்கொண்டிருப்பாய், தலை கீழாக. முதல் தரம் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. நீ நெருப்பில் குதித்துக்கொண்டிருந்தாய்! ஒவ்வொரு போயாவுக்கும், மேகம் விட்டால், இரவு முழுக்கக் கதை நடக்கிறது என்று நினைத்தேன். நம்மைப் போல பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு நிலவு தலைக்கு மேலாகக் கடந்து போவதால், எழும்பும்போது இருந்த பக்கம் இறங்கும்போது கவிழ்ந்து தெரிகிறது. அதைக் கணக்காகப் புரிந்துகொண்டபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் கவனித்தது ஏழு வயதில். அந்தக் கவனம் உன்னிடம் வாங்கிய கடன்.

முயலே, அப்பாவிடம் நான் நேராகக் கேட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ மேலே இருந்தாய். "நெசமாவே அங்க மொசல் இருக்கா?" அப்பா ஸ்டோரில் வேலை. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய செய்தியை ரேடியோவில் கேட்டவர். "இல்ல. மனுசன் போய்ப் பாத்துட்டு வந்துட்டான். கல்லும் மண்ணும்தானாம்." எனக்கு அழுகை முட்டியது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "சரி, காது எங்க இருக்கு காட்டு பாப்பம்" என்றார். காட்டினேன். "வால்?" காட்டினேன். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய எப்படித்தான் அவருக்குத் தெரிந்ததோ. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அப்பல்லோ 11 போனவர்களுக்கே, இறங்குவதற்கு முன், நிலவில் ஒரு பெரிய சீன முயல் இருக்கிறதாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பூமியிலிருந்து வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிறோம் என்று மேலிருந்து பதிலும் வந்திருக்கிறது. அவர்கள் இறங்கிய அமைதிக் கடல் என்ற கரும்பாறைச் சமவெளி எது தெரியுமா? உன் தலை. தலையில் இறங்கியதால்தான் உன்னைக் காணாமல் போனார்களோ என்னவோ. பிறகு 2013இல் சீனாக்காரர்கள் உன் பேரிலேயே, 'யூட்டு' என்று, ஒரு வண்டியை அங்கே இறக்கினார்கள். அந்தக் கணக்குப்படி இப்போது நிலவில் முயல் இருக்கத்தான் செய்கிறது. அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

முயலே, இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாமா ஒரு முறை மலையில் முயல் பிடித்துவந்தார். பிடரியில் கறுப்பு உள்ள, நம் காட்டு முயல். அப்பாயி மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தார். வாசம் லயம் முழுக்க வந்தது. ரொட்டியோடு என் தட்டிலும் இரண்டு துண்டு விழுந்தது. எனக்குக் கை போகவில்லை. எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். நீ இருந்தாய், முழுசாக. திரும்பி வந்து சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன். நன்றி மடலில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் நம்பிக்கை என்ற பேரில் நான் செய்த முதல் பரிசோதனை அது. அதை மறைக்க மனம் வரவில்லை.

முயலே, உன் இனத்தான் ஒருவனைப் பற்றித்தான் இப்போது கேட்க வேண்டும். 2019 சித்திரை விடுமுறைக்கு முன், மகள் முன்பள்ளியிலிருந்து காகிதக் காதுகளோடு வந்தாள். ஈஸ்டர் முயல் முட்டை கொண்டுவருமாம். "மொசல் முட்ட போடுமாம்மா?" நாங்கள் அப்போது குண்டசாலையில் இருந்தோம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா, உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வளவுப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை ஒளித்துவைத்து விளையாட்டு வைக்கப் போவதாகச் சொன்னார். தரையில் கோதுமை மாவால் முயல் காலடி வைக்கலாம், நீங்களும் நம்பற மாதிரி சொல்லி வைங்க என்று கேட்டுக்கொண்டார். பாசத்தோடுதான் கேட்டார். முட்டைக்குச் சாயம் போட நானும் ஒத்தாசை செய்தேன். மாவு விசயத்தில்தான் எனக்குத் தடுமாற்றம்.

அந்த முயலுக்கும் வயது ஆகிறது. 1682இல் கெயோர்க் ஃபிராங்க் என்ற ஜெர்மன் மருத்துவர், முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றி எழுதியிருக்கிறார். கதையை விட, மக்கள் முட்டையை அளவுக்கு மீறித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வதுதான் அவருக்குக் கவலை. பிறகு ஜெர்மன் குடியேறிகளோடு அது அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சொக்லட்டாகி, இன்று கண்டிக் கடைகளின் தட்டு வரை வந்து நிற்கிறது. உயிர்த்த ஞாயிறும் உன்னைப் பார்த்துத்தான் வருகிறது: திருச்சபைக் கணக்கில், வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. ஆக, நீங்கள் இருவரும் ஒன்றுவிட்ட உறவு என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் முயலே, உனக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவனுக்குப் பெற்றோர் வேலை செய்ய வேண்டும். முட்டையை ஒளிக்க வேண்டும், மாவைத் தூவ வேண்டும், பிள்ளை சந்தேகப்பட்டால் இன்னொரு தடயம் செய்ய வேண்டும். நல்ல பிள்ளைக்குத்தான் வருவான் என்று மிரட்டவும் அவன் உதவுவான். கடைசியில் ஒரு நாள் பிள்ளை கண்டுபிடிப்பது முயல் இல்லை என்பதை மட்டுமா? மாவு அம்மாவின் கையில் இருந்தது என்பதையும்தானே. உனக்காக என் அப்பா ஒரு பொய்யும் சொல்ல வேண்டி வரவில்லை. நீ நல்ல பிள்ளைக்கும் வந்தாய், முயல் கறி தின்றவளுக்கும் வந்தாய். நீ இல்லை என்று தெரிந்த பிறகும் உன் காது இருந்த இடத்திலேயே இருந்தது.

முயலே, அந்த வருசம் ஏப்ரல் 19 பெரிய வெள்ளி. அன்றைக்கே பக் போயா. விடுமுறைக்கு ஹுன்னஸ்கிரியவுக்கு வந்திருந்தோம். மழை விட்டு, அதிசயமாக மூட்டமும் விட்டது. மகளை இஸ்தோப்புக்குக் கூட்டி வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்றேன். "அங்க என்னமோ இருக்கு" என்றாள். அப்பாவுக்குக் கண் புரை விழுந்து சரியாகத் தெரியாது. அவளிடம், "காது எங்க இருக்கு காட்டு பாப்பம்" என்றார். அவள் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்து, "நெசமா?" என்று கேட்டாள். "இல்ல. மொசல் மாதிரி இருக்கு" என்றேன். "முட்ட கொண்டார மொசலு?" அதற்கும் இல்லை என்றேன். முட்டையை அக்காவும் நானும்தான் ஒளிக்கப் போகிறோம், நீ தேட வேண்டும் என்றேன். "எனக்கு எங்க இருக்குன்னு சொல்லிறாத" என்றாள். அதுதான் அவளுடைய ஒரே கவலை.

மறுநாள் குண்டசாலைக்குத் திரும்பினோம். ஞாயிறு காலை கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு என்று தேவாலயங்களில் குண்டு வெடித்த செய்தி ஒவ்வொன்றாக வந்தது. முயலே, அந்த நாளைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் எழுத மாட்டேன். 250 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை. மாலை நாடு முழுக்க ஊரடங்கு. ஒரு பக்கம் தேய்ந்து நீ பிந்தி எழும்பினாய். "ஏம்மா முட்ட ஒளிக்கல?" என்று மகள் கேட்டாள். கோவிலில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முந்தாநாள் அவள் கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருந்ததால், அன்று நான் சொன்னதை அவள் நம்பினாள், என் மடியிலேயே இருந்தாள். சாயம் போட்ட முட்டைகளை என்ன செய்தார்கள் என்று அந்த அக்காவிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

முயலே, இதைத் தற்செயலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் யாராவது, அப்படியானால் ஈஸ்டர் முயலை நம்பச் சொல்லலாமா, கூடாதா என்று கேட்டால், எனக்கு இவ்வளவுதான் தெரியும்: கதையைச் சொல்லுங்கள், மாவைத் தூவாதீர்கள். பிள்ளை "நெசமா?" என்று கேட்கும் வரை விளையாடுங்கள். கேட்டுவிட்டால் அந்த நிமிசமே பதில் சொல்லுங்கள். பிறகும் விளையாடுங்கள்.

தமிழில் உன் வீட்டுக்கு முயற்கூடு என்று ஒரு பழைய பேர் உண்டு. அகராதியில் நிலவு என்று பொருள் போட்டிருக்கும். இந்த மடல் அந்த விலாசத்துக்குத்தான்.

இன்று போயா. அப்பா காலமாகி இரண்டு வருசம். மடுகொடப் பக்கம் மூடிக் கிடக்கிறது. பக்கத்து லயத்து மூன்று வயதுப் பயலை மகள் இடுப்பில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் நிற்கிறாள். இன்னும் விடவில்லை.