தலைகீழ் இறக்கை

கார் என்றால் எனக்குப் பைத்தியம். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும் (கணக்கு ஐயா உட்பட!). ஆனால் எங்க அப்பாவுக்கு இது பிடிக்காது. அவர் டாக்சி ஓட்டுகிறார். "இந்த ஸ்டியரிங் என்னோட போகட்டும் கண்ணு. நீ படிச்சு வேற வேலைக்குப் போ" என்பார். டி.வி.யில் ரேஸ் ஓடினால் சேனலை மாற்றிவிடுவார். அவரிடம் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வேகம் அல்ல, ரேஸ் காரின் இறக்கைதான் பிடிக்கும். விமானத்தின் இறக்கை காற்றைக் கீழே தள்ளும், அதனால் விமானம் மேலே எழும்பும். ரேஸ் காரில் அதே இறக்கையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். அது காற்றை மேலே தள்ளும், கார் தரையோடு அழுந்தும். டயருக்குப் பிடிப்பு கிடைக்கும். பெரிய ஜெட் விமானமே சுமார் 250 கி.மீ. வேகத்தில் எழும்பிவிடும். ஃபார்முலா ஒன் கார் 300-ஐத் தாண்டியும் தரையை விடாது!

விட்டுவிட்டால்? 1999-ல் பிரான்ஸில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அதுவும் நடந்தது. மெர்சிடிஸ் சி.எல்.ஆர். காரின் மூக்கு கொஞ்சம் தூக்கியது, அடியில் காற்று புகுந்தது, அவ்வளவுதான், கார் பறந்தே விட்டது. பயிற்சியிலும் பந்தயத்திலுமாக மூன்று முறை. ஒரு கார் தடுப்பைத் தாண்டி மரங்களுக்கு நடுவில் போய் விழுந்தது. ஓட்டியவர்கள் உயிர் தப்பினார்கள்.

ரேஸுக்கும் விமானத்துக்கும் பழைய சொந்தம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் முன்பு ரேஸ் நடந்த இடம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. 1950-ல் முதல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி நடந்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர் விமானத்தளமாக இருந்ததுதான்.

நம்ம கோவையிலேயே கரிவரதன் இருந்தார். 1980-களின் கடைசியில் மாருதி 800 என்ஜினைப் போட்டு ரேஸ் கார் செய்தார். நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

பைபாஸில் பைக்கை முறுக்குகிற அண்ணன்களை ரேஸர் என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். டிராக்கில் ஆம்புலன்ஸ் நிற்கும், எதிரே வண்டி வராது. பைபாஸில் ஆட்டோடு ஒரு பாட்டி குறுக்கே வருவார்.

உண்மையைச் சொன்னால், ரேஸர் மாதிரி ஓட்டுகிறவர் எங்க அப்பாதான். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றிவிடுவார். வளைவுக்குள் பிரேக்கை அழுத்தவே மாட்டார். ரேஸ் பள்ளியிலும் முதல் பாடம் அதுதானாம். இதைச் சொன்னபோது அப்பா, "அப்படியா?" என்று மட்டும் கேட்டார்.

ஏரோநாட்டிகல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. இறக்கை வரைய வேண்டும், மேலே தூக்குவதோ கீழே அழுத்துவதோ, ஏதாவது ஒன்று. செட்டிபாளையத்தில் அடுத்த ரேஸ் பார்க்க அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குச் சவாரி இல்லாவிட்டால் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு